கதவு பார்க்கிற வேலை

என் கொழுந்தன் இப்போது காது மிஷின் விற்கிற கடையில் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவன் ஒரு பொத்தானை அழுத்துவான். அவர்கள் கையைத் தூக்கினால் சத்தம் கேட்டது என்று அர்த்தம். நல்ல கடைதான், முதலாளியும் தங்கமான ஆள். ஆனால் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இந்தக் கைக்கு இங்கே என்ன வேலை என்று கத்த வேண்டும் போலிருக்கும். கத்தி என்ன ஆகப்போகிறது? கத்த வேண்டிய ஆளிடம் கத்த வேண்டிய நேரத்தில் கத்தியாகிவிட்டது. அதையும் சொல்கிறேன்.

அவன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். நானும் அதே லேபில்தான், அவன் வருவதற்கு முன்பிருந்தே. செல் வளர்ப்பது என் வேலை. ஏதோ பெரிய வித்தை என்று நினைக்காதீர்கள், ஆடு மாடு வளர்க்கிற மாதிரிதான். வேளாவேளைக்குத் தீனி வைக்க வேண்டும், அழுக்கைக் கழுவ வேண்டும், சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை எதுவும் அதுகளுக்குத் தெரியாது. வளர்ந்ததைச் சின்னச் சின்னத் தட்டுகளில் போட்டுக் கொழுந்தனின் அறைக்கு அனுப்புவேன்.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் இல்லை. நடுவில் செப்பு வலைக் கூண்டு, கூண்டுக்குள் காற்றின் மேல் மிதக்கிற கனமான மேஜை, மேஜை மேல் மைக்ராஸ்கோப். ரோட்டில் லாரி போனால்கூட அந்த மேஜை அசையாது. கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இழுத்து, முடியைவிட மெல்லிய நுனியுள்ள ஊசியாக்கிக்கொண்டு, அதை ஒரே ஒரு செல்லின் மேல் கொண்டுபோய் வைப்பான். ஊசியின் பின்பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் டியூப் அவன் வாய்க்கு வரும். அதை லேசாக உறிஞ்சினால் செல்லின் தோல் ஊசி முனையில் ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் பத்துத் தடவை உறிஞ்சினால் ஒன்று ஒட்டும். இவனுக்கு ஏறக்குறைய எல்லாமே ஒட்டும். அதனால் லேபில் அவன் பெயரே ஊசி. வீட்டிலோ, அவன் கையில் ஒரு கண்ணாடி டம்ளர் ஒரு வாரம் முழுசாக இருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"என்னப்பா வேலை பார்க்கிற?" என்று ஒரு தடவை என் சித்தப்பா கேட்டார்.

"செல்லோட தோல்ல குட்டிக் குட்டிக் கதவு இருக்கும் மாமா. சூடு பட்டா சில கதவு திறக்கும், அழுத்தினா சில கதவு திறக்கும். திறந்தா உள்ள கரண்ட் ஓடும். அந்தக் கரண்ட்தான் நரம்பு வழியா மூளைக்குப் போய் சுடுது, வலிக்குதுன்னு சொல்லும். எந்தக் கதவு எப்பத் திறக்குது, எப்ப மூடுதுன்னு பார்க்கிற வேலை."

சித்தப்பா அதைச் சுருக்கிவிட்டார். "செக்யூரிட்டி வேலைன்னு சொல்லு," என்றார். நானும் கொழுந்தனும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து வீட்டில் அவன் லேபுக்குக் கிளம்பினால் "செக்யூரிட்டி டியூட்டிக்குப் போறார்" என்றுதான் பேச்சு.

ஆனால் அவன் எல்லாக் கதவையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கதவைத்தான் பார்த்தான், சூட்டுக்குத் திறக்கிற கதவை. அதற்குக் காரணம் என் அத்தை, அதாவது அவனைப் பெற்றவர். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. பல வருஷமாகப் பாதம் இரண்டும் எரியும். நெருப்பில் வைத்த மாதிரி எரிகிறது என்பார். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். சிவப்பு கிடையாது, வீக்கம் கிடையாது. வெளியே ஒன்றுமே தெரியாததால் சொந்தக்காரர்கள் சிலர், "வயசானா அப்படித்தான், மனசை வேற எதுலயாவது செலுத்துங்க" என்று உபதேசம் செய்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் கொண்டுபோய் அடுப்பில் நிற்க வைக்க வேண்டும் போல வரும் எனக்கு. அத்தை பாத்ரூம் வாசலில் நாற்காலியைப் போட்டு, காலைத் தரையில் வைத்துக்கொண்டு பாதி நாள் உட்கார்ந்திருப்பார். யாராவது பாதத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் அடங்கும்.

"சூடே இல்லாம அந்தக் கதவு திறந்துக்குது அண்ணி. அதை மட்டும் மூட ஒரு மருந்து கிடைச்சா போதும்," என்பான் கொழுந்தன். அத்தைக்கும் அது தெரியும். அவன் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏம்ப்பா, இன்னிக்காவது கதவை மூடினியா?" என்று கேட்பார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

இப்போது அந்த மகானுபாவன் கதைக்குள் வருகிறான்.

பக்கத்து அறையில் மருந்துப் பொடிகள் தயாரிக்கிறவன். கொழுந்தனுக்கு ஊசி என்று பெயர் வைத்த மாதிரி அவனுக்குப் பொடிக்காரன் என்று பெயர். என் கொழுந்தனும் அவனும் வாய்க்கு வாய் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொந்தமுமில்லை, பந்தமுமில்லை, ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவ்வளவுதான். பொடிக்காரனுக்கு இந்த ஊரில் யாருமில்லை. முதல் தடவை சாப்பிட வந்தவன் பிறகு வாராவாரம் வந்தான், பிறகு அவனுக்கென்று ஒரு தட்டும் வந்துவிட்டது. நன்றாகப் பேசுவான், நன்றாகச் சிரிக்க வைப்பான். அத்தையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை யாரும் சொல்லாமலே அவன் எடுத்துக்கொண்டான். சொம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நூல் மாதிரி, நிறுத்தாமல் ஊற்றுவான். பெற்ற பிள்ளைகள் ஊற்றினால்கூட அத்தைக்கு அப்படி இதமாக இராது. "நீ ஊத்தினாத்தாம்ப்பா எரிச்சல் அடங்குது" என்று என் எதிரிலேயே சொல்வார். எனக்கு அப்போது அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பொடிக்காரன் ஒரு புதுப் பொடி செய்தான். அந்தச் சூட்டுக் கதவை மூடும் என்று அவன் கணக்கு. கொழுந்தன் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்போது கொழுந்தன் ஒரு நிபந்தனை போட்டான்.

"மச்சான், எந்த டியூப்ல மருந்து இருக்கு, எதுல வெறும் உப்புத் தண்ணி இருக்குன்னு எனக்குத் தெரியவே கூடாது. நீதான் கலக்கணும், நீதான் ரகசியம் வெச்சுக்கணும்."

"எதுக்கு மச்சான் இவ்வளவு? உன்னை யாரு சந்தேகப்படப் போறா?"

"நானே சந்தேகப்படுவேன். எங்கம்மா கால் இதுல இருக்கு. ஆசைப்படுறவன் கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும். என் கண்ணைக் கட்டிடு."

அந்த வேலையில் இது வழக்கம்தான். ஆனால் இவன் மாதிரி முழுக்க முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டவனை நான் பார்த்ததில்லை. டியூபில் எழுத்துகூட இருக்கக் கூடாது என்றான். என் மகளின் ஸ்டிக்கர்களை வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த வாரம் யானையில் மருந்து, பூனையில் தண்ணீர் என்றால் அடுத்த வாரம் வேறு இரண்டு பிராணி. எது எது என்று பொடிக்காரன் ஒரு கவரில் போட்டு ஒட்டி எங்கள் புரொபசர் மேடத்திடம் கொடுத்துவிடுவான். மருந்து வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்று எல்லா டியூபுக்கும் அலுமினியத் தாள் சுற்றியிருப்பான். கொழுந்தன் தாளைப் பிரிக்காமல், மூடியைத் திறந்து மெல்லிய குழாயைச் செருகி, இருட்டுக் கூண்டுக்குள் செல்லின் மேல் ஓட விடுவான். எந்த டியூபோ அந்த ஸ்டிக்கரையே தட்டிலும் ஒட்டிவிடுவான். கரண்ட் உள்ளே ஓடினால் திரையில் கோடு கீழே இறங்கும், மேலே ஏறினால் கதவு மூடிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அண்ணி, இன்னிக்கு முதலை நல்லா மூடுச்சு," என்பான். "முதலையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான்.

மேடம் கவர்களைப் பிரித்த மத்தியானம் நானும் அந்த அறையில் இருந்தேன். கொழுந்தன் கதவு மூடியது என்று சொன்ன பிராணி ஒவ்வொன்றிலும் மருந்து இருந்தது. மூடவில்லை என்று சொன்னது ஒவ்வொன்றிலும் தண்ணீர்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசிக் கவரைப் பிரித்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொழுந்தன் குழந்தை மாதிரி அழுதான். பொடிக்காரன் அவனைக் கட்டிப்பிடித்து முதுகைத் தட்டிக்கொடுத்தான். தட்டிக்கொடுத்த அந்தக் கையைத்தான் சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு முதலில் ஓடி வந்ததும் அவன்தான். அத்தை வழக்கம் போல பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். "அம்மா, மூடிடுச்சும்மா! இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துக்குங்க. உங்க காலுக்கு மருந்து நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு," என்றான். அத்தை அவன் தலையில் கையை வைத்தார்.

கட்டுரை வெளியானது. அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். டாக்டர் எரிச்சலுக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரை தலை சுற்றுகிறது என்று ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தவர், அதைச் சுத்தமாக நிறுத்திவிட்டார். "கொஞ்ச நாள்தானே, நம்ம பசங்க மருந்து வரட்டும்," என்றார். நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டுப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் எரிச்சல் இரண்டு பங்காயிற்று. அதையும் சிரித்துக்கொண்டே தாங்கினார். பொடிக்காரனுக்கு வேறொரு பெரிய நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அதற்கும் நாங்கள்தான் முதலில் சந்தோஷப்பட்டோம்.

இனி தட்டு விஷயத்துக்கு வருகிறேன். செல்களுக்கு நான் வைக்கிற தீனித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். அது கெட்டுப்போனால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கட்டும் என்று கம்பெனிக்காரன் அதில் ஒரு நிறம் சேர்த்திருப்பான். அதனால் எங்கள் கண்ணுக்கு இளஞ்சிவப்பு என்பது தண்ணீர் நிறம் மாதிரி. கொழுந்தன் வேலையை முடித்து அனுப்புகிற தட்டுகளில் சிலது இளஞ்சிவப்பாகத் திரும்பி வரும். தீனித் தண்ணீரைச் சரியாகக் கழுவாமல் வேலையைத் தொடங்கிவிட்டான், சோம்பேறி, என்று திட்டிக்கொண்டே கழுவிப் போடுவேன். லேபில் யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது வரிசைச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி புதிதாகச் சேர்ந்தாள். செல்லுக்குள் ஒளி விடுகிற ஏதோ வேலை அவளுக்கு. தீனித் தண்ணீரில் நிறம் இருந்தால் இடைஞ்சல் என்று மேடம் நிறமே இல்லாத தண்ணீரை வரவழைத்தார். அந்த வாரம் முழுக்க எல்லாச் செல்லுக்கும் அதுதான் தீனி. கொழுந்தனுக்குப் போன தட்டுகளும் வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் போயின. திரும்பி வந்ததில் பாதி இளஞ்சிவப்பு. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. இவன் எதையோ கொட்டிக் கவிழ்த்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் தம்பி, இதுவரைக்கும் என் தண்ணியைச் சரியாக் கழுவலைன்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்ப என் தண்ணியில நிறமே கிடையாது. உன் தட்டு ஏன் சிவக்குது? குழாயெல்லாம் கழுவுறியா இல்லையா?"

"எந்தத் தட்டு அண்ணி?"

"ஆமை ஸ்டிக்கர் ஒட்டின தட்டு எல்லாம்."

"கிளி?"

"கிளி தெளிவாத்தான் இருந்துச்சு. ஆமைக்கு மட்டும் என்ன கேடு?"

அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான். அத்தை, "சாப்பிடறவனை ஏம்மா கரிச்சுக் கொட்டுற?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். அவன் கோபித்துக்கொண்டுதான் எழுந்தான் என்று நானும் நினைத்தேன். ஆமைதான் அந்த வாரம் கதவை மூடிய பிராணி என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஃபிரீசரைத் திறந்தான். மிச்சமிருந்த டியூப்களை எடுத்து ஒவ்வொன்றாக அலுமினியத் தாளைப் பிரித்தான். "பின்னாடி வெள்ளைக் காகிதம் பிடிங்க அண்ணி," என்றான். பிடித்தேன். கிளி தெளிவு. ஆமை இளஞ்சிவப்பு. பொடிக்காரன் செய்த பொடி எனக்கும் தெரியும், பால் மாதிரி வெள்ளை. தண்ணீரில் கரைத்தால் நிறமே வராது.

"இது என்ன தம்பி?"

"சாயம் அண்ணி. எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய சாயம். எந்தக் கதவைக் கண்டாலும் போய்க் குறுக்க உட்கார்ந்துக்கும். நல்லது கெட்டது பார்க்காது. மனுஷனுக்குக் குடுக்கவே முடியாது. படிக்கிற பசங்க கதவு இருக்கா இல்லையான்னு பார்க்க உபயோகப்படுத்துறது."

அவன் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. பொடிக்காரனின் வெள்ளைப் பொடியைக் கொழுந்தனே எடுத்து, அவனே கரைத்து, கண்ணைக் கட்டாமல் அன்று முழுக்கச் சோதித்துப் பார்த்தான். தட்டு மேல் தட்டாக நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவு திறந்தது திறந்தபடியே இருந்தது. கோடு இம்மியும் ஏறவில்லை. கடைசித் தட்டு முடிந்த பிறகும் ரப்பர் டியூபை வாயிலிருந்து எடுக்காமலே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் எடுத்து வைத்தேன்.

பொடிக்காரன் அவன் அறையில் புது வேலைக்குப் போவதற்காகக் கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். கொழுந்தன் இரண்டு டியூபையும் தாள் இல்லாமல் அவன் முன்னால் வைத்தான். பொடிக்காரன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"முதல் தடவை நிஜமாவே மூடுச்சு மச்சான். அந்த முதல் பொடி நிஜம். அது தீர்ந்துபோச்சு. திரும்பச் செஞ்சா வரலை. எவ்வளவோ பார்த்தேன், வரவே இல்லை. அடுத்த தடவை சரியா வந்துடும், அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு..."

"அதுவரைக்கும் சாயத்தைக் கலந்த."

"எனக்கு வேலைக் கெடு முடியுற நேரம் மச்சான். உனக்கும்தான். நம்ம ரெண்டு பேருக்காகவும்தான் பண்ணேன்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அடப்பாவி! தட்டுல சோறு போட்டாங்களே, அந்த அம்மா காலைக் கையில பிடிச்சுக்கிட்டு மூடிடுச்சும்மான்னு சொன்னியே! மாத்திரையை நிறுத்திட்டு ராவும் பகலும் துடிச்சுக்கிட்டு இருக்காங்கடா! சொல்றப்போ உன் நாக்கு எப்படித் திரும்புச்சு? நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியே!" என்று கத்தினேன். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்திருப்பார்கள். பார்க்கட்டுமே.

கொழுந்தன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "மச்சான், நாளைக்கு மேடம்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. நீ சொன்னாத்தான் சரி. நான் சொல்லி நீ மாட்டினதா இருக்க வேண்டாம்," என்றான். பொடிக்காரன் தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

இங்கேதான் என் கொழுந்தன் ஏமாந்தான். அவனுடைய இயல்பே அதுதான், திருத்த முடியாது. இவ்வளவுக்கும் பிறகு அவன் மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு அதே ஆள் கையில் ரகசியத்தைக் கொடுத்தான்.

மறுநாள் மேடம் முதலில் கூப்பிட்டது என்னை. "உங்க மாமியாருக்குக் கால் எரிச்சல் இருக்கா?" என்று கேட்டார். விசாரிக்கிறார் போலிருக்கிறது, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு, "ஆமாம் மேடம், ரொம்ப வருஷமா. ராத்திரி தூக்கமே இல்லை. தம்பி இந்த வேலைக்கு வந்ததே அதுக்காகத்தான்," என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"காலைல பக்கத்து ரூம்காரர் வந்து அழுதுட்டுப் போனார். 'அவனைத் தண்டிச்சுடாதீங்க மேடம். அம்மா படுற பாட்டைப் பார்க்க முடியாம சாயத்தைக் கலந்துட்டான். ஆசைப்படுறவன் கண்ணுன்னு அவனே சொல்லுவான்'னு கெஞ்சினார்."

எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது. இல்லை மேடம், பொடிக்காரன்தான் கலந்தான், எங்களிடம் ஒப்புக்கொண்டான் என்றேன். "நீங்க அவருக்கு அண்ணி," என்றார் மேடம், மெதுவாகத்தான். அதில் எல்லாம் முடிந்துவிட்டது. சாயப் புட்டி கொழுந்தன் அலமாரியில் இருந்தது, அவன் தொழிலுக்கு வேண்டியதுதானே. டியூப்கள் கடைசியாக இருந்தது அவன் கையில். தாளைப் பிரித்துப் போட்டதும் அவன். ஸ்டிக்கர் ரகசியம் அவனுக்குத் தெரியாதே, எந்த டியூபில் கலப்பது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மச்சான் கேட்டப்போல்லாம் நானேதான் சொல்லிக் குடுத்துட்டேன், அது என் தப்பு" என்று அதையும் முந்திக்கொண்டு சொல்லி வைத்திருந்தான் அந்த உத்தமன்.

விசாரணைக் குழு போட்டார்கள். யார் கலந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொழுந்தனுக்கு வேலை நீடிக்கவில்லை. பொடிக்காரனுக்குப் புது வேலை அப்படியே இருந்தது, நண்பனைக் காப்பாற்றப் பார்த்த நல்லவன் என்ற பெயரோடு. நான் மட்டும் அதே லேபில் இன்னும் செல்களுக்குத் தீனி வைத்துக்கொண்டிருக்கிறேன். மேடத்தோடு வேலைக்கு வேண்டியதைத் தவிரப் பேசுவதில்லை.

அத்தையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. வேலைக்குக் கொஞ்ச நாள் இடைவெளி என்று சொல்லி வைத்தோம். ஆராய்ச்சி செய்யத் தெரிந்தவனுக்கு அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தினமும் சொல்லப் போவான், சொம்பை எடுத்துக் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவான். அவன் ஊற்றினால் சிந்தும். "உன் மச்சான் ஏன் வர்றதில்ல? அவன் ஊத்தினா நல்லா இருக்கும்," என்பார் அத்தை.

கடைசியில் அத்தையே பொடிக்காரனுக்குப் போன் போட்டுவிட்டார். "ஊருக்குப் போறியாமே, என்கிட்ட சொல்லிக்காமலா போவ?" என்று. வராமல் இருக்க அவனுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. கொழுந்தன் வீட்டில் இருக்க மாட்டான் என்றும் நினைத்திருப்பான். கதவைத் திறந்தது கொழுந்தன்தான். நான் துடைப்பத்தைத் தேடினேன், பொய் சொல்லவில்லை. கொழுந்தன் நகர்ந்து வழி விட்டான்.

"உள்ள வா. அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பொடிக்காரன் பழக்க தோஷத்தில் போய்க் காலடியில் தரையில் உட்கார்ந்தான். சாப்பிட்டியா, இளைச்சுட்டியே என்று எல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம மருந்து எப்பப்பா வரும்? முன்னைக்கு இப்ப ரொம்பத்தான் எரியுது," என்றார் அத்தை.

அவன் கொழுந்தனைப் பார்த்தான். "என்னை ஏன் பார்க்கிற? மேடம்கிட்ட அம்மாவைப் பத்தி அவ்வளவு சொன்னியே. அம்மாகிட்டயே சொல்லு," என்றான் கொழுந்தன். குரலே உயரவில்லை. இவ்வளவு நாளாக அவனுக்குள்ளே இருந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான் வெளியே வந்தது.

சொன்னான். பொடிக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மருந்து இல்லை என்றான். சாயம் என்றான். நான்தாம்மா கலந்தேன் என்றான். குழுவுக்கு முன்னால் சொல்ல வேண்டியதைப் பாத்ரூம் வாசலில் சொன்னான், கேட்க நாங்கள் மூன்று பேர்தான். மேடத்திடம் என்ன சொன்னான் என்பதை மட்டும் நான் சொன்னேன். அம்மாவுக்காக மகன் கலந்தான் என்று சொன்னதை.

அத்தை அவனைத்தான் கேட்டார்.

"எனக்கு எரியுதுன்னு நான் சொல்றதுதாம்ப்பா. பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சிவக்காது, வீங்காது, தொட்டா சுடாது. எத்தனையோ பேர் இவ நடிக்கிறான்னாங்க. நீ என்னிக்காவது என்னைச் சந்தேகப்பட்டியா?"

"இல்லம்மா. ஒரு நாளும் இல்ல."

"நானும் உன்னை அப்படித்தாம்ப்பா நம்பினேன்."

அவன் அழுதான். அழுதுகொண்டே, கை தானாகப் போகுமில்லையா, பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்தான். அத்தை இரண்டு பாதத்தையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாம், வெச்சுடு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போம்மா," என்றார்.

அவன் சொம்பை வைத்துவிட்டு எழுந்து போனான். தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொழுந்தன் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து சொம்பை எடுத்தான். எப்போதும் போலத் தரையெல்லாம் சிந்தியது. அத்தை காலை நீட்டிக் கொடுத்தார்.

"அடங்குதாம்மா?" என்று கேட்டான்.

"இல்லப்பா," என்றார் அத்தை. "எரியுது. நீ ஊத்து."